கூட்டாமல் குறைக்காமல்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்குச் செய்தி வந்தபோது செய்கு அலாவுதீன் ஏ.சி. ரிமோட் வழக்கை விசாரித்துக்கொண்டிருந்தார். கட்டிலில் சம்மணம். மடியில் தலையணை. தலையணைமேல் ஒரு கண்ணாடி டம்ளரில் பாலில்லாத சுலைமானி டீ. எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் வாதியும் பிரதிவாதியும் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

வாதி சீதாராமன், திருச்சிக்காரர், அபுதாபிக்கு வெளியே முசஃபாவில் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். ராத்திரி ஏ.சி.யைப் பதினெட்டில் வைத்துவிட்டுத் தலையோடு கம்பளி போர்த்திக்கொள்பவர். பிரதிவாதி பாலகுரு, புதுக்கோட்டைப் பக்கம், அந்த அறையில் எல்லோருக்கும் மூத்தவர். ரிமோட்டைப் பிடுங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

“குளிருதா குளிரலையா, அத எங்கிட்டச் சொல்லாதிய. அது உண்மை விஷயம், நான் அதுக்குள்ள போவ மாட்டேன். சட்டப் பிழை என்ன இரிக்கிண்டு மட்டும் சொல்லுங்க” என்றார் அலாவுதீன்.

“காரணமே சொல்லாம புடுங்கிட்டாரு பாய்.”

“அப்படிச் சொல்லு. காரணம் சொல்லாத தீர்ப்பு நிக்காது. பாலகுரு, காரணம் சொன்னியளா?”

“எதுக்குப் பாய் காரணம்? ராத்திரி பூரா வெறச்சுக் கெடந்தோம். மூஞ்சியப் பாத்தாலே தெரியுமே.”

“தெரிஞ்சாப் பத்தாது. சொல்லணும்.”

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. மறுமுனையில் மீராசா, ஒரு கிரேன் கம்பெனியின் கேம்பில் சூப்பர்வைசர். அலாவுதீன் கேட்டுக்கொண்டே டம்ளரைத் தரையில் வைத்தார். “எப்ப?” என்றார். “டாக்டர் பாத்துட்டாரா?” என்றார். பிறகு வாய்க்குள் ஓர் அரபி வாசகத்தை ஓதினார். அதைக் கேட்டதும் நாற்காலியில் இருந்த இருவரும் எழுந்து நின்றார்கள். அந்த வாசகம் எப்போது வரும் என்று அந்த அறையில் எல்லா மதத்தாருக்கும் தெரியும்.

“ராமையா போயிட்டாப்ள. டியூட்டிக்கு எழுப்பப் போயிருக்காக. எந்திரிக்கல.”

---

செய்கு அலாவுதீனுக்குச் சொந்த ஊர் கீழக்கரை. அபுதாபி நகரத்தில் ஒரு வக்கீல் ஆபீசில் சட்ட மொழிபெயர்ப்பாளர். ஓதுகிற பள்ளியில் அரபி, பிறகு கல்லூரியில் பி.ஏ. வரலாறு. சின்ன உடம்பு, பெரிய காது. சட்டைப் பையில் இரண்டு பேனா: அரபிக்கு நீலம், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் கறுப்பு. பகலெல்லாம் வலமிருந்து இடமாக எழுதிவிட்டு வருவதால் சாயங்காலம் தமிழ்ப் பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்து பிரிப்பார். விளையாட்டுச் செய்தி, வரி விளம்பரம், தலைப்புச் செய்தி என்ற வரிசையில்தான் அவருக்கு உலகம் தெரியவரும்.

ஆபீஸ் அலமாரியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள் பச்சைத் துணி அட்டையில் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு தீர்ப்புக்கும் தலையில், சின்ன எழுத்தில், அந்த வழக்கிலிருந்து பிழிந்தெடுத்த கோட்பாடு இருக்கும். நாலு வரி, சில சமயம் இரண்டே வரி. மற்றவர்கள் கிரிக்கெட் ஸ்கோர் படிக்கிற மாதிரி அவர் அவற்றைப் படிக்கிறார். வியாழக்கிழமைகளில் ஒரு தொகுதியை அறைக்கே கொண்டுவந்துவிடுவார். யார் கொன்றான், யார் ஏமாற்றினான் என்பதில் அவருக்கு ஆர்வம் இல்லை. “அதெல்லாம் கீழ தீந்து போச்சு. மேல இரிக்கிறவுகளுக்கு ஒரே கேள்விதான். சட்டத்தச் சரியாப் பிடிச்சாகளா, இல்லையா?”

அறையின் வழக்குகள் இப்படித்தான் அவரிடம் வர ஆரம்பித்தன. சமையல் முறை, பாத்ரூம் வரிசை, டி.வி. சானல் எல்லாவற்றிலும் முதல் தீர்ப்பு பாலகுருவினுடையது. பிடிக்காதவர்கள் வெள்ளிக்கிழமை காலை அலாவுதீனிடம் வருவார்கள். அறைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘மேல் கோர்ட்டு’. ஒருமுறை இரண்டு நாள் பாத்திரம் கழுவச் சொன்னதை எதிர்த்து சீதாராமன் வந்தார். பாலகுரு எரிச்சலில், “அப்பீலா போற? அப்ப நாலு நாள் கழுவு” என்றுவிட்டார். அலாவுதீன் கட்டிலைவிட்டு இறங்கிவிட்டார். அப்பீல் போனவனுக்கு அந்த அப்பீலாலேயே தண்டனை கூடக் கூடாது என்று பச்சை அட்டையைத் திறந்து அரபியிலேயே வாசித்துக் காட்டினார். யாருக்கும் ஒரு சொல் புரியவில்லை. பாத்திரம் இரண்டு நாளோடு நின்றது.

இந்த அதிகாரம் கடலைத் தாண்டாது. ஊரிலிருக்கும் மனைவி ரஹீமா பீவியிடம் ஒருமுறை மகனின் கல்லூரி விஷயத்தில், “முதல்ல சொல்லாத காரணத்த இப்பப் புதுசாச் சொல்லக் கூடாது” என்று ஆரம்பித்தார். அந்த அம்மாள் போனிலேயே முடித்துவிட்டார்: “ஒங்க மேல் கோர்ட்ட அங்கிட்டே வச்சிக்கிடுங்க. இங்க மொதக் கோர்ட்டும் நாந்தான், கடேசிக் கோர்ட்டும் நாந்தான்.” டிரைவிங் டெஸ்டிலும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் தோற்றதற்குக் காரணம் எழுத்தில் கேட்பார். அவர்கள் அடுத்த தேதியைக் கொடுப்பார்கள். இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்.

தொழிலில் அவருக்கு ஒரே பெருமை, ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார் என்பது. கட்சிக்காரர் கோபத்தில் எதிராளியை ‘நாய்’ என்றால் அரபியிலும் நாய்தான். “கொஞ்சம் மழுப்பிச் சொல்லுங்களேன் பாய்” என்று கெஞ்சியவர்கள் உண்டு. “மழுப்புறதுக்கு வேற ஆளு இரிக்கி, அவருக்கு வக்கீல்ண்டு பேரு” என்பார்.

---

ராமையாவின் வழக்கை அவரிடம் முதலில் கொண்டுவந்தவர் பாலகுரு.

ராமையா கமுதிப் பக்கத்துக்காரர், கிரேன் ஆபரேட்டர். பக்கத்துக் கிராமத்துப் பையன் விஜயபாஸ்கருக்கு விசா வாங்கிக் கொடுத்துத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டவர் அவர்தான். பையன் கீழே நின்று சரக்குக்கு பெல்ட் மாட்டுவான். இவர் மேலே கேபினில் இருந்து தூக்குவார். ஒருநாள் குழாய்க் கட்டு பாதி உயரத்தில் இருக்கும்போது பெல்ட் அறுந்தது. ராமையா கேபினிலிருந்து இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

அந்த பெல்ட்டைச் சோதித்திருக்க வேண்டியவர் ஆபரேட்டரா, வேறு யாருமா என்பதுதான் வழக்கின் கேள்வி. அந்தக் கேள்வி எழவே இல்லை. ஏனென்றால் போலீஸ் வந்தபோது ராமையா தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு, “நானே கூட்டியாந்து கொன்னுட்டேனே, நானே கொன்னுட்டேனே” என்று அழுதுகொண்டிருந்தார். என்ன சொல்கிறான் என்று அதிகாரி கேட்டார். உடன் வந்திருந்த மீராசா அரபியில் சொன்னார். அது எழுதப்பட்டது. ஸ்டேஷனில் மறுபடி கேட்டபோதும் ராமையா அதையே சொன்னார். அப்போது அவரிடம் வேறு சொல் இல்லை. அதன் கீழே கைநாட்டு வைத்தார்.

கவனக் குறைவால் மரணம் விளைவித்தார் என்று தீர்ப்பு. சிறைத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. இறந்தவன் குடும்பத்துக்குச் சேரவேண்டியதை இன்சூரன்ஸ் கொடுத்துவிட்டது. ராமையா அப்போதே ஊருக்குப் போயிருக்கலாம். கம்பெனியும் அதைத்தான் சொன்னது: “கலாஸ், முடிந்தது, வீட்டுக்குப் போ.” அவர் மனைவி ராக்கம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. கிராமத்தில் விஜயபாஸ்கரின் தாய் பானுமதி அந்த வீட்டாரோடு பேச்சை நிறுத்தியிருந்தார். ‘கொன்னேன்னு அவனே ஒத்துக்கிட்டானாம்’ என்ற செய்தி வந்தபிறகு இரண்டு ஊரும் நிறுத்திவிட்டன. கல்யாணத்துக்கு அழைப்பில்லை, சாவுக்குச் சொல்லி விடுவதில்லை. ராக்கம்மா போனில் சொன்னார்: “பேரோட வாங்க. இல்லாட்டி வராதீக.”

ராமையா அபுதாபியிலேயே இருந்தார். மேல்முறையீடு செய்ததால் பாஸ்போர்ட் கோர்ட்டில் ஜாமீனாகக் கிடந்தது. இரண்டாவது கோர்ட்டும் கைவிட்டது. இனி உச்ச நீதிமன்றம்தான். அலாவுதீன் கோப்பை முழுக்கப் படித்துவிட்டுத் தம் ஆபீஸ் வக்கீலிடம் சொன்னார்: “உஸ்தாத், மொழிபெயர்ப்பில் பிழை இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஒன்றும் செய்வதற்கில்லை.”

உஸ்தாத் எகிப்துக்காரர், நைல் கரையில் ஏதோ ஒரு சிற்றூர். பருத்த மனிதர், படிக்கும்போது மீசையை முறுக்கிக்கொண்டே இருப்பார். அவர் கோப்பைத் திறக்கவில்லை.

“உங்கள் ஊரில் பிள்ளை செத்தால் தாய் என்ன சொல்லி அழுவாள்?”

அலாவுதீன் யோசித்தார். “நான் பாவி, நானே உன்னை அனுப்பிக் கொன்றேனே என்பாள்.”

“பிறகு அவளைப் போலீஸ் கைது செய்யுமா?”

“இல்லை.”

“என் தந்தை இறந்தபோது என் தாய் தெருவில் நின்று, ‘நான்தான் அவரைக் கொன்றேன்’ என்றாள். அவர் செத்தது சிறுநீரகக் கோளாறில். ஷேக், உங்கள் ஆள் கொடுத்தது வாக்குமூலம் அல்ல. ஒப்பாரி.”

உஸ்தாத் கிளப்பிய வாதம் சுருக்கமானது. ஒப்புதல் வாக்குமூலம் என்றால் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் நோக்கம் வெளிப்படையாக இருக்க வேண்டும். இவர் சொன்னது துக்கத்தில் தன்னையே நொந்துகொள்ளும் பேச்சு. இதை இரண்டாவது கோர்ட்டிலேயே சொன்னார்கள். தீர்ப்பில் அதற்கு ஏற்றும் பதில் இல்லை, மறுத்தும் பதில் இல்லை. வழக்கின் முடிவையே மாற்றக்கூடிய வாதத்துக்குப் பதில் சொல்லாத தீர்ப்பு குறையுள்ளது, குறையுள்ளதை உடைக்கலாம். பச்சை அட்டைகளில் அதற்குத் தேடிய கோட்பாடுகள் வேண்டிய அளவுக்குக் கிடைத்தன.

அதன்பிறகு ராமையா வெள்ளிக்கிழமைகளில் அறைக்கு வர ஆரம்பித்தார். வாசலில் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்து, அப்புறம்தான் உள்ளே வருவார்.

“மேல் கோர்ட்டுல என்னையக் கூப்புட்டுக் கேப்பாகளா பாய்?”

“கேக்க மாட்டாக. ஆளையே பாக்க மாட்டாக. பேப்பரத்தான் பாப்பாக.”

“அப்ப நான் எப்படி ஆளுன்னு அவுகளுக்குத் தெரியாதா?”

“தெரிய வேண்டியதில்ல.”

ராமையா அதை ஒரு நிமிஷம் யோசித்தார். “அதுவும் நல்லதுதேன். மூஞ்சியப் பாத்தா எவனும் நம்ப மாட்டான்” என்று சிரித்தார். முகத்தில் அம்மைத் தழும்பு. முன்பல் ஒன்று இல்லை. கேபினில் தூக்கம் வராமலிருக்க சுபாரிப் பாக்கு மென்றே கெட்ட பற்கள்.

---

தீர்ப்பு வரவிருந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. ராமையா இறந்தது வெள்ளிக்கிழமை விடியலில்.

அன்று அறையில் இதைப் பேச ஆரம்பித்தவர் பாலகுரு. பேச்சு தொடங்கியதும் சீதாராமன் கதவைச் சாத்தினார்.

“பாய், உஸ்தாத் என்ன சொன்னாரு? உடைச்சிருவாங்கன்னுதானே?”

“உடைப்பாகண்டு நம்பிக்க இரிக்கிண்டாரு.”

“இப்ப ஆள் செத்தது தெரிஞ்சா?”

“வழக்கு அத்தோட முடிஞ்சிரும். செத்தவன் மேல குத்த வழக்கு இல்ல. குத்தவாளிண்டும் சொல்ல மாட்டாக, இல்லண்டும் சொல்ல மாட்டாக.”

“அப்ப செவ்வாக்கெழம வரைக்கும் தெரிய வேணாம். பாடி மார்ச்சுவரியிலதானே இருக்கு? நாம பொய் சொல்ல வேணாம் பாய். சும்மா இருந்தாப் போதும்.”

அலாவுதீன் மனசுக்குள் கணக்குப் போட்டார். உடலை ஊருக்கு அனுப்பப் பாஸ்போர்ட் வேண்டும். பாஸ்போர்ட் கோர்ட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு மனுப் போட்டால் இறப்புச் சான்றிதழை இணைக்க வேண்டும். இணைத்த நிமிஷத்தில் வழக்கு செத்துவிடும். கேட்காமல் இருந்தால் செவ்வாய் வரை ராமையா கோப்பில் உயிரோடு இருப்பார்.

“அப்படி வாங்குற தீர்ப்பு செல்லாது. இல்லாத ஆளுக்குச் சொன்ன தீர்ப்பு” என்றார்.

“அது நமக்குத் தெரியும். கமுதியில எவனுக்குப் பாய் தெரியும்?”

“அடேய், பாடிய வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது?” என்றார் சீதாராமன். குரலில் உறுதியில்லை. பாலகுரு அவர் பக்கம் திரும்பினார். “நீ ஏ.சி.யப் பத்தி மட்டும் பேசு.”

உஸ்தாதுக்குப் போன் செய்தார் அலாவுதீன். உஸ்தாத் நெடுநேரம் இரங்கல் சொன்னார். பிறகு, “கட்சிக்காரர் இறந்ததும் என் வக்காலத்தும் இறந்துவிட்டது. இனி நான் இந்த வழக்கில் யாருமில்லை. அவர் வாரிசைக் கேளுங்கள்” என்றார்.

வாரிசு ராக்கம்மா. அவருக்கு இன்னும் யாரும் சொல்லியிருக்கவில்லை. மீராசாவால் முடியாது என்றுவிட்டார். பாலகுருவும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அலாவுதீன் போன் கார்டைச் சுரண்டி எண்ணை அழுத்தினார். எப்போதும்போல அவர் சுற்றி வளைக்கவில்லை. “தாயி, நான் அலாவுதீன் பேசுறேன். ராமையா இறந்துட்டாரு. தூக்கத்துலேயே. வலி இல்லண்டு டாக்டர் சொல்லுறாரு.”

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பேச்சல்ல. வீட்டில் யார் யாரோ ஓடி வரும் சத்தம். அதற்கு நடுவில் ராக்கம்மாவின் குரல் உயர்ந்தது. “வந்திருப்பாரே, அப்பவே வந்திருப்பாரே, நாந்தானே வேணாம்னேன், பேரு பேருன்னு நானே அந்த மண்ணுல கெடத்திக் கொன்னுட்டேனே!”

அலாவுதீன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. கார்டு தீர்ந்து இணைப்பு அறுந்தது. சீதாராமன் தன் கார்டை எடுத்துக் கொடுத்தார்.

மாலையில் மறுபடி பேசியபோது ராக்கம்மாவின் தொண்டை கம்மியிருந்தது. அலாவுதீன் இரண்டு வழியையும் சொன்னார். இரண்டுக்கும் காரணம் சொன்னார்.

“செவ்வாக்கெழம வரைக்கும் பொறுத்தா, நல்ல தீர்ப்பு வரலாம் தாயி. நிச்சயமில்ல.”

“அப்படி வந்தா அது செல்லுமாண்ணே?”

பக்கத்தில் நின்ற பாலகுரு கையை ஆட்டினார். ஆமென்று சொல்லும்படி.

“செல்லாது. ஆனா உங்க பக்கம் யாருக்கும் அது தெரியாது.”

ராக்கம்மா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. “தெரியாதவுகளுக்குக் காட்டணும்னு அந்த மனுசன ஐஸ்ல போட்டு வைக்கவாண்ணே? வேணாம். இம்புட்டு நாள் வச்சிருந்தது போதும். அனுப்பி விடுங்க.”

---

சனிக்கிழமை அலாவுதீனே போனார். ஆஸ்பத்திரி, போலீஸ், தூதரகம், கடைசியாக நீதிமன்றப் பதிவகம். கவுண்டரில் இருந்த இளைஞர் இறப்புச் சான்றிதழைப் பார்த்தார், கோப்பு எண்ணைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமை தீர்ப்பு அல்லவா?” என்றார். “ஆமாம்” என்றார் அலாவுதீன். இளைஞர் இன்னொரு முறை அவரைப் பார்த்துவிட்டு, “அல்லாஹ் அவருக்குக் கருணை காட்டட்டும்” என்று சான்றிதழைக் கோப்பில் குத்தினார்.

பாலகுரு சில நாள் அவரோடு பேசவில்லை. பேசாமலே, உடலோடு ஊருக்குப் போவதற்கு லீவு எழுதிக் கொடுத்து, தாமே கிளம்பிவிட்டார். விமான நிலையத்துக்குப் போகும்போது ரிமோட்டைச் சீதாராமனின் தலையணைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தார். சீதாராமன் அதைத் தொடவில்லை. அறை இருபத்துநாலிலேயே கிடந்தது.

செவ்வாய்க்கிழமை வந்த உத்தரவு ஒரே வாக்கியம். மேலே அரசுச் சின்னம், நடுவே நீதிபதிகளின் பெயர், கீழே அந்த வாக்கியம். உஸ்தாத் ஒப்பாரியைப் பற்றி எழுதிய பக்கங்களுக்கு இனி யாரும் பதில் சொல்லத் தேவையில்லை.

உடல் ஊர் சேர்ந்த மறுநாள் ராக்கம்மாவே கூப்பிட்டார். மிஸ்டு கால், அலாவுதீன் திருப்பி அழைத்தார். எரித்தாயிற்று என்றார். உள்ளூரில் பாதிப் பேர் வந்தார்களாம்.

“பானுமதி மதினி வந்துச்சுண்ணே. வீட்டுக்கு வரல. தெருமுக்குல வேப்பமரத்துக்கிட்ட நின்னுச்சு. எடுக்குற வரைக்கும் நின்னுச்சு. நாந்தேன் ஓடிப்போயிக் கையப் புடிச்சேன். கைய இழுத்துக்கல.”

“என்ன சொன்னாக?”

“‘எம்புள்ளையக் கொன்னேன்னு ஒம்புருசன் எழுதிக் குடுத்தத எனக்குப் படிச்சுக் காட்டுனாக. இப்பக் கடேசியா கோர்ட்டு என்ன சொல்லிச்சுன்னு எழுத்துல காட்டு. பதினாறாம் நாளு ஒன்வீட்டு வாசப்படி ஏறுறேன்’னுச்சுண்ணே. மதினி பள்ளிக்கூடத்து ஆயா, நல்லாப் படிக்கும். குத்தமில்லைன்னு அதுல இருக்குல்லண்ணே?”

“குத்தமில்லண்டு இல்ல தாயி. குத்தம்ண்டும் இல்ல.”

“அதெப்படிண்ணே ஒரு மனுசன் ரெண்டுமில்லாமப் போவான்?”

அலாவுதீன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “அசல்ல மனுசன் குத்தமில்லாதவன். கடேசித் தீர்ப்பு ஒண்ணுதான் அத மாத்தும். ராமையாவுக்குக் கடேசித் தீர்ப்பு வரல. அப்ப அவரு அசல் நெலமையிலதான் போயிருக்காரு.”

“இது நீங்க சொல்றதா, கோர்ட்டு சொல்றதா?”

“கோர்ட்டு சொல்லுறது. எத்தனையோ தீர்ப்புல சொல்லியிரிக்கி.”

“இவருக்குச் சொல்லிருக்கா?”

அலாவுதீன் உத்தரவின் அந்த ஒரே வாக்கியத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்.

“சரிண்ணே. எப்படியோ எழுதித் தமிழ்ல அனுப்புங்க. சீல் வச்சு அனுப்புங்க. சீல் இல்லாட்டி இங்க எவனும் கைல வாங்க மாட்டான்.”

மறுநாள் ஆபீஸ் முடிந்து உஸ்தாதைத் தவிர எல்லோரும் போனபிறகு அவர் கறுப்புப் பேனாவை எடுத்தார். தமிழாக்கம் ஐந்து நிமிஷ வேலை. “குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டமையால் குற்ற வழக்கு முடிவுற்றது என நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது.” சரியாக இருந்தது. அதன்கீழ், ஒரு வரி இடம் விடாமல், அதே கையெழுத்தில் எழுதினார்: “மனிதனின் அசல் நிலை குற்றமின்மை. இறுதித் தீர்ப்பு மட்டுமே அதை மாற்றும். இவ்வழக்கில் இறுதித் தீர்ப்பு இல்லை.”

தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு எடுத்துவிட்டு வந்த உஸ்தாத், நனைந்த கையோடு அவர் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார். தமிழ் தெரியாது, ஆனால் அரபியில் ஒரு வாக்கியம் இருக்க, தமிழில் நாலு வாக்கியம் இருப்பது எண்ணத் தெரிந்த எவருக்கும் புரியும். கேட்டார். அலாவுதீன் படித்துச் சொன்னார்.

“ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனால் இந்தத் தாளில் இல்லை, ஷேக்” என்றார் உஸ்தாத். பிறகு தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

முத்திரை வட்டமானது. அவர் பெயர், உரிம எண், சுற்றிலும் மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு என்ற வாசகம். மூடியைக் கழற்றி மைப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். இடது கையைத் தாளின்மேல் பரப்பி, தாம் சேர்த்த வரிகளை உள்ளங்கையால் மறைத்துப் பார்க்கிறார். ஒரு வாக்கியம் மட்டும் மிஞ்சுகிறது. கையை எடுக்கிறார். மறுபடி மறைக்கிறார்.

பதினாறுக்கு இன்னும் நாள் இருக்கிறது. தமிழாக்கம் முடிந்துவிட்டது. முத்திரை வைக்கவில்லை.